பதினெட்டுப் புள்ளி எழுத்தில் கேள்விகள்

மே 15, செவ்வாய்

இன்று ஒன்பது கேள்வி எழுதினேன். ஒன்பதுக்கும் பதிலும் எழுதினேன். அடுத்த செவ்வாய் செனட் நிதிக்குழுவில் ஆளுங்கட்சிக்காரர்கள் அந்தக் கேள்விகளைக் கேட்பார்கள். எங்கள் மத்திய வங்கித் தலைவர் டாக்டர் லுசார்தோ அந்தப் பதில்களைச் சொல்வார். மறுநாள் பத்திரிகைகள் அதற்குக் ‘காரசாரமான விசாரணை’ என்று பெயர் வைக்கும். காரமும் என் கைப்பக்குவம், சாரமும் என் கைப்பக்குவம்.

என் அறை வாசலில் ‘நாடாளுமன்றத் தொடர்பு’ என்று பலகை தொங்குகிறது. வங்கியில் முப்பத்தொரு வருடம் ஆகிறது. செனட்டர்களுக்கு வட்டி விகிதம் என்றால் என்னவென்று தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் கிடையாது. அதனால் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு அவர்கள் அலுவலகத்திலிருந்து எனக்கே போன் வரும். “இந்தத் தடவை உங்க தலைவர்கிட்ட என்ன கேக்கணும்?” நான் எழுதி அனுப்புவேன்.

செனட்டர் நெல்சன் பெரெய்ரோவுக்கு மட்டும் பதினெட்டுப் புள்ளி அளவுள்ள பெரிய எழுத்தில் அச்சடிக்க வேண்டும். ஒரு சொல்லின் பாதி மேல்வரியிலும் பாதி கீழ்வரியிலும் விழுந்துவிட்டால் மனிதர் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்பார். ‘பணவீக்கம்’ என்ற சொல்லைப் பதினோரு வருடமாக அவர் வாயில் ஊட்டுகிறேன். இன்னும் உள்ளே இறங்கவில்லை.

மே 17, வியாழன்

ஊர் முழுக்கப் ‘பொறுப்புச் சட்டம்’ பற்றியே பேச்சு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வங்கித் தலைவர் நாடாளுமன்றத்துக்கு வந்து பதில் சொல்ல வேண்டுமாம். பதில் பிடிக்காவிட்டால் சாதாரணப் பெரும்பான்மையிலேயே அவரை வீட்டுக்கு அனுப்பலாமாம். எதிர்க்கட்சி செனட்டர் மரிசா டெச்சேரா கொண்டுவந்த மசோதா. முன்பு அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்தவள். கத்தினால் கேள்வி ஆகிவிடும் என்று நினைக்கிற ஜாதி.

வங்கியில் அத்தனை பேரும் ‘சுதந்திரம், சுதந்திரம்’ என்று ஜெபமாலை உருட்டுகிறார்கள். மின்தூக்கியில்கூட. லுசார்தோ நேற்று வானொலியில், “அரசியல்வாதிகளோட நிழல்கூட வட்டி விகிதத்து மேல விழக்கூடாது” என்று முழங்கினார். அந்த வாக்கியம் நான் எழுதியது. கேட்டபோது எனக்கே குமட்டியது.

ராத்திரி சாப்பாட்டில் என் தங்கை மிர்த்தா ஆரம்பித்தாள். “உங்க ஆளை யாருடி தேர்ந்தெடுத்தா? நான் ஓட்டுப் போட்டேனா?”

“நீ ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவன்தான் பெரெய்ரோ. அவன் கையில நோட்டு அச்சடிக்கிற மெஷினைக் குடுக்கட்டுமா?”

“ரெண்டு பேர் கையிலயும் குடுக்காதே.”

அவளுக்கு என்ன, வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டாள். ஆனால் நான் சொன்னதில் பொய் இல்லை. அரசியல்வாதிகள் அந்த மெஷினைக் கையில் வைத்திருந்த வருடங்கள் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. காலையில் ஒரு ரொட்டி விலை, சாயங்காலம் இன்னொரு விலை. வங்கி தள்ளி நிற்கத்தான் வேண்டும், அதை நான் நம்புகிறேன். யாரிடமிருந்து தள்ளி நிற்கிறது, யாருக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறது என்பதுதான் இப்போதெல்லாம் எனக்குப் புரியவில்லை.

மே 21, திங்கள்

பெரெய்ரோவின் செயலாளர் போன் செய்தான். இந்தத் தடவை செனட்டருக்குப் பதில்களும் வேண்டுமாம்.

“எதுக்கு?”

“தலைவர் பேசறப்போ எந்த இடத்துல தலையாட்டணும்னு ஐயாவுக்குத் தெரியணுமாம், மேடம். போன தடவை தப்பான இடத்துல ஆட்டிட்டாரு. டி.வி.ல வந்துடுச்சு.”

கேள்விகளை வெள்ளைத் தாளிலும் பதில்களை மஞ்சள் தாளிலும் அடித்து அனுப்பினேன். மஞ்சளின் தலையில் கொட்டை எழுத்தில் ‘பதில் — டாக்டர் லுசார்தோ’ என்று போட்டேன். குழந்தைக்குக்கூடக் குழப்பம் வராது.

மே 22, செவ்வாய்

குழந்தைக்கு வந்திருக்காது.

பன்னிரண்டு கேமராக்கள். பொறுப்புச் சட்டத்துக்கு முன்னால் நடக்கும் கடைசிக் கூட்டம் என்பதால் நிற்க இடமில்லை. வழக்கம்போல நான் லுசார்தோவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பெரெய்ரோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் கேள்வியை வாசித்தார். நன்றாகவே வாசித்தார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு தாளைத் திருப்பினார். மஞ்சள் தாள்.

“செனட்டர் பெரெய்ரோ அவர்களின் மிக நுட்பமான கேள்விக்கு என் நன்றி” என்று வாசித்தார் செனட்டர் பெரெய்ரோ.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. வங்கி எடுத்த நடவடிக்கைகள் உரிய காலத்தில் எடுக்கப்பட்டவை, விகிதம் மூன்று முறை குறைக்கப்பட்டது, வங்கியின் சுதந்திரமே மக்களின் பாதுகாப்பு — ஒரு புள்ளி விடாமல் முழுப் பக்கத்தையும் வாசித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றி, தலைவர் பேசப்போகிறார் என்று தலையாட்டத் தயாராக உட்கார்ந்தார்.

இனி எல்லாம் லுசார்தோ கையில்தான் என்று நினைத்தேன். இரண்டு பட்டம், வெளிநாட்டில் ஆறு வருடம் படித்தவர். சிரித்துச் சமாளிப்பார், ஏதாவது சொல்வார். லுசார்தோ தன் தாளைப் பார்த்தார். அதில் என்ன இருந்ததோ அதுதான் அவரிடம் இருந்தது. தொண்டையைக் கனைத்தார்.

“செனட்டர் பெரெய்ரோ அவர்களின் மிக நுட்பமான கேள்விக்கு என் நன்றி” என்று ஆரம்பித்து, அதே பக்கத்தை, அதே சொற்களில், அதே வேகத்தில் அவரும் வாசித்தார்.

முதலில் சிரித்தது மேல்மாடத்திலிருந்த யாரோ. அப்புறம் சிரிப்பில் கூரையே பறந்தது. டெச்சேரா நாற்காலி மேலேயே ஏறிவிட்டாள்: “இது விசாரணையா, இல்ல பள்ளிக்கூட ஆண்டு விழாவா? வசனம் எழுதினவங்க யாரு? மேடைக்கு வரச் சொல்லுங்க!”

வசனம் எழுதினவள் மேடையில்தான் உட்கார்ந்திருந்தாள். பேனா மூடியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி.

மே 23, புதன்

பால்காரனிலிருந்து பாதிரியார்வரை எல்லோரும் ஒருவரை ஒருவர் ‘மிக நுட்பமான கேள்விக்கு நன்றி’ என்றுதான் வாழ்த்திக்கொள்கிறார்கள். மிர்த்தாவும்.

மே 25, வெள்ளி

இரண்டு நாள் நாடகம். ‘நாடாளுமன்றத்தை வங்கி கிளிப்பிள்ளை ஆக்கிவிட்டது’ என்று செனட்டர்கள். ‘நாடாளுமன்றத்துக்கு வாசிக்கத் தெரியவில்லை, இவர்களிடமா பொறுப்பை ஒப்படைப்பது’ என்று பெயர் சொல்லாத ‘வங்கி வட்டாரங்கள்’. ஒருவர் மேல் ஒருவர் சேறு. ஐம்பத்தேழு வயதில் இதை ரசித்திருக்கக்கூடாது. ரசித்தேன்.

இன்று மத்தியானத்தோடு ரசனை முடிந்தது. இரு தரப்பும் ‘கலந்து பேசி’ ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்களாம். லுசார்தோ தொலைக்காட்சியில் சொன்னார்: “கீழ்நிலை ஊழியர் ஒருவரின் அதிகப்படியான ஆர்வம்.” கூட நின்ற பெரெய்ரோ சரியான இடத்தில் தலையாட்டினார்.

வங்கியின் சுதந்திரமும் நாடாளுமன்றத்தின் மானமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவே போகாது என்று இத்தனை வருடம் அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஒரு குமாஸ்தாவின் தலை கிடைத்தால் ஒரே மத்தியானத்தில் ஒத்துப்போகிறது. கீழ்நிலை. முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவள் கீழ்நிலை. த்தூ.

மே 29, செவ்வாய்

இருபத்தொன்பதாம் தேதி. மாதாமாதம் இந்தத் தேதியில் ஊரெல்லாம் ஞோக்கி, உருளைக்கிழங்கு மாவுருண்டை. மிர்த்தாவும் செய்திருந்தாள், சடங்குப்படி தட்டுக்கு அடியில் ஒரு நோட்டு வைத்து. இருபத்தொன்பதாம் தேதி மட்டும் வந்து சம்பளம் வாங்கிப்போகிற ஆட்களையும் இங்கே ஞோக்கி என்றுதான் சொல்வார்கள். எங்கள் வங்கியில் ஏழு பேர் இருக்கிறார்கள். ஒருவன் லுசார்தோவின் மச்சான். இன்று அவனும் வந்திருந்தான். தாழ்வாரத்தில் என்னைப் பார்த்து ‘ஐயோ பாவம்’ என்று தலையை ஆட்டினான். அவன் என்னைப் பார்த்து!

சட்டப்பிரிவு இயக்குநர் டாக்டர் சுனினோ அறைக்குக் கூப்பிட்டார். குழைந்து பேசினார். இந்த ஆள் குழைந்தால் கத்தி பின்னால் இருக்கிறது என்று அர்த்தம்.

“ஒரு சின்னக் கடிதம்தான், நிபியா. நீங்க தன்னிச்சையா, மேலதிகாரிங்க யாருக்கும் தெரியாம, இந்தப் பழக்கத்தை ஏற்படுத்திட்டீங்கன்னு. செனட் போட்டிருக்கிற விசாரணைக்குழு முன்னாடி ஒரு தடவை வாசிச்சிடுங்க. உங்க ஓய்வுக்கு இன்னும் பதினாலு மாசம் இருக்கு. அதையும் சேர்த்து முழு ஓய்வூதியம். மரியாதையா வழியனுப்பறோம்.”

“கையெழுத்துப் போடலன்னா?”

“ஒழுங்கு நடவடிக்கை. பணிநீக்கம் ஆனா ஓய்வூதியம் பாதிக்குக் கீழ போயிடும். சட்டம் அப்படி. நான் என்ன செய்ய?”

ஜூன் பதினாலு விசாரணை. அதுவரை யோசிக்கலாம். கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மே 31, வியாழன்

மழை. மிர்த்தா மாவு பிசைந்து பொரித்தாள், மழை பெய்தால் அவள் கை சும்மா இருக்காது. நான் மாத்தே தேநீர்க் குவளையில் வெந்நீர் ஊற்றிக்கொண்டே கடிதத்தைக் காட்டினேன். எண்ணெய்க் கையோடு படித்தாள்.

“போட்டுத் தொலைடி கையெழுத்தை.”

“பொய்யாச்சே.”

“முப்பது வருஷமா எழுதினதெல்லாம் என்ன, வேதமா? இது ஒண்ணு. கடைசிப் பொய். என் முழங்காலோட நான் தையல் மிஷினை எத்தனை நாள் மிதிப்பேன்? நீ வேலை இல்லாம வந்து உக்காந்தா வாடகை யாரு குடுப்பா, உங்க சுதந்திரமா?”

எண்ணெய்க் கறை பட்ட கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தேன்.

ஜூன் 4, திங்கள்

தூக்கமில்லை. எல்லோரையும் இகழ்ந்து எழுதுகிறேனே, எழுதிக் கொடுத்தது யார்? பெரெய்ரோ ஒரு மரமண்டை, சரி. மரமண்டைக்குக் கேள்வி எழுதிக் கொடுத்தால் அது கேள்வி கேட்டமாதிரி தெரியும் என்று யோசித்தது எந்த மண்டை? ஜனங்கள் தொலைக்காட்சியில் பார்த்தார்கள், ‘பரவாயில்லை, நம்ம ஆள் கேட்கிறான்’ என்று நம்பித் தூங்கப் போனார்கள். யாரும் எதையும் கேட்கவில்லை. வங்கியே வங்கியைக் கேட்டது, வங்கியே வங்கிக்கு நன்றி சொன்னது. நடுவில் நான், சம்பளத்துக்கு.

அறிவுள்ளவள் என்ற திமிர். அது இருந்தது. இந்த முட்டாள்களை நான்தான் ஓட்டுகிறேன் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 8, வெள்ளி

கையெழுத்துப் போடுவது என்று முடிவு செய்துவிட்டேன். மிர்த்தா சொல்வது சரி. திங்கட்கிழமை சுனினோவிடம் கொடுத்துவிடுவேன். தோற்றது தோற்றதுதான்.

ஜூன் 11, திங்கள்

இதை எழுதும்போதுகூட இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

காலை எட்டு மணி. கடிதம் கைப்பையில். கோட்டு மாட்டிக்கொண்டிருந்தேன், போன் அடித்தது. செனட்டர் பெரெய்ரோ. செயலாளர் இல்லை, அவரே.

“நிபியா, என் ராணி! எப்படி இருக்கே? சங்கடமா இருக்குடி எனக்கு, சத்தியமா. ஆனா என்ன செய்ய, விசாரணைக்குழுவுக்கு என்னையே தலைவரா போட்டுட்டாங்க.”

“உங்களையா?”

“அனுபவம் இருக்குன்னு. சரி, கேளு. வியாழக்கிழமை உன்னை நான்தான் விசாரிக்கணும். கேமரா எல்லாம் வரும். உங்கிட்ட நான் என்ன கேக்கறது?”

போனைக் காதிலிருந்து எடுத்து அதையே பார்த்தேன்.

“நிபியா? லைன்ல இருக்கியா? நாலு கேள்வி போதும். கொஞ்சம் காட்டமா இருக்கட்டும், இல்லன்னா ஜனங்க சந்தேகப்படுவாங்க. பெரிய எழுத்துல போட்டுடு, ராணி. மஞ்சள் தாள் வேண்டாம்.”

போனை வைத்துவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரித்தேன். விக்கல் எடுக்கும்வரை சிரித்தேன். மிர்த்தா தண்ணீரோடு ஓடிவந்தாள், யாராவது செத்துவிட்டார்களா என்று.

“என்னைத் திட்டறதுக்கும் நானே எழுதிக் குடுக்கணுமாம்!”

“யாரு?”

சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. தண்ணீர்க் குவளையைத் தரையில் வைத்தாள். அப்புறம், “எழுது” என்றாள்.

“வாடகை?”

“திரைச்சீலை தைக்கிற வேலை வந்திருக்கு. உக்காந்தே தைக்கலாம். நீ எழுது. நல்லா எழுது.”

இன்று சுனினோவிடம் போகவில்லை. அவர் இரண்டு முறை கூப்பிட்டார். ‘யோசித்துக்கொண்டிருக்கிறேன்’ என்றேன்.

ஜூன் 13, புதன்

நாலு கேள்வி. பதினெட்டுப் புள்ளி. எந்தச் சொல்லும் வரிக்கு நடுவில் உடையவில்லை. பெரெய்ரோ வாசித்துப் பார்ப்பாரா? இந்தக் கேள்வியைக் கேட்பதற்கே நான் வெட்கப்பட வேண்டும். பதினோரு வருடத்தில் அந்த மனிதர் எதை முன்கூட்டியே வாசித்திருக்கிறார்?

செயலாளன் போன் செய்தான். “பதில் அனுப்பலையே, மேடம்?”

“பதில் எனக்கே மனப்பாடம். ஐயாகிட்ட சொல்லு, எங்க வேணா தலையாட்டலாம்னு.”

பயமாக இருக்கிறது. இதை ஒளித்து என்ன ஆகப்போகிறது?

ஜூன் 14, வியாழன்

வரிசையாக எழுதிவைக்கிறேன்.

முதல் முறையாக, லுசார்தோ வழக்கமாக உட்காரும் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். பின்வரிசையில் லுசார்தோவும் சுனினோவும். திரும்பிப் பார்த்தபோது சுனினோ காற்றில் கையெழுத்துப் போடுகிற மாதிரி விரலை ஆட்டினார். கைப்பையைத் தட்டிக் காட்டினேன். நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார். கடிதம் பைக்குள்தான் இருந்தது, கையெழுத்து இல்லாமல்.

பெரெய்ரோ கண்ணாடியை மாட்டினார். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு முதல் கேள்வி: வேலைக்குச் சேர்ந்தது எப்போது, எந்தப் பிரிவு. சொன்னேன். இரண்டாவது: “கடந்த பதினோரு ஆண்டுகளில் நிதிக்குழுவின் ஆளுங்கட்சி உறுப்பினர்கள் வங்கித் தலைவரிடம் கேட்ட கேள்விகள் எத்தனை, அவற்றில் வங்கியே எழுதிக் கொடுத்தவை எத்தனை?” குரலில் நல்ல காட்டம். ஒரு இடத்திலும் முட்டவில்லை.

“நானூற்றுப் பத்தொன்பது, செனட்டர். அதில நானூற்றுப் பன்னிரண்டு நான் எழுதினது. மீதி ஏழுல அஞ்சு, கூட்டம் எப்ப முடியும்னு நீங்க கேட்டது.”

யாரோ களுக்கென்றார்கள். லுசார்தோ முன்னால் குனிந்து எதையோ சொல்லப் பார்த்தார். பெரெய்ரோ அதற்குள் மூன்றாவதைத் தொடங்கிவிட்டார்; கையில் தாள் இருந்தால் அவரை நிறுத்த யாராலும் முடியாது. “இந்த வழக்கம் மேலதிகாரிகளுக்குத் தெரியுமா? தெரியும் என்றால் ஆதாரம் என்ன?”

“ஒவ்வொரு தாளோட வலது மூலையிலயும் தலைவரோட சுருக்கொப்பம் இருக்கு. பிரதிகள் கொண்டுவந்திருக்கேன். பதினோரு வருஷத்துது, ரெண்டு பெட்டி. வாசல்ல காவலர்கிட்ட இருக்கு.”

சுனினோ எழுந்து நின்றார். “இது வங்கியின் சுதந்திரத்தின் மீதான தாக்குதல்!” என்று கத்தினார். டெச்சேரா, “உக்காருய்யா!” என்றாள். பெரெய்ரோ நாலாவது கேள்விக்கு வந்தார். “இந்த விசாரணையில் நான் இப்போது வாசித்துக்கொண்டிருக்கும் கேள்விகளை எழுதியது...”

அங்கேதான் நின்றார். பதினோரு வருடத்தில் முதல் முறையாக, வாசித்தது மண்டைக்குள் போனது. தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அசடு வழிந்தது. அந்த முகத்தைப் பார்த்தபோது திட்ட வேண்டும் என்று தோன்றவில்லை, அதுதான் வேடிக்கை.

“நான்தான், செனட்டர். திங்கட்கிழமை காலையில எட்டு மணிக்கு நீங்க கேட்டீங்க.”

அதற்குப் பிறகு நடந்த கூச்சலை எழுதப் போவதில்லை. நாளை பத்திரிகையில் வரும்.

ஆனால் ஒன்றை எழுத வேண்டும். கூச்சல் அடங்கியதும் டெச்சேரா எழுந்தாள். தாள் எதுவும் இல்லை. கத்தவும் இல்லை. வார்டில் நோயாளியிடம் கேட்கிற மாதிரி கேட்டாள்: “முப்பத்தொரு வருஷம். ஏம்மா எழுதினீங்க?”

அந்தக் கேள்வியை நான் எழுதியிருக்கவில்லை. எல்லாருடைய பதிலும் என்னிடம் இருந்தது. அதற்கு ஒன்றுமில்லை.

“அதுதான் வேலைன்னு நெனச்சேன்” என்றேன். அவ்வளவுதான் வந்தது.

ஜூன் 15, வெள்ளி

வங்கி வாயிலில் என் நுழைவு அட்டை வேலை செய்யவில்லை. மேஜையிலிருந்த சாமான்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வெளியே கொண்டுவந்து கொடுத்தார்கள். வெந்நீர்க் குடுவையின் மூடியைக் காணோம்.

ஜூலை 19, வியாழன்

பணிநீக்க உத்தரவு வந்தது. பதினோரு பக்கம். ‘நிறுவனத்தின் நம்பகத்தன்மைக்கு ஊறு’ என்ற சொற்றொடர் ஆறு இடத்தில் வருகிறது. ஓய்வூதியம் பாதிக்குக் கீழே. சுனினோ சொன்னபடியே, மனிதர் அதில் மட்டும் பொய் சொல்லவில்லை. லுசார்தோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ‘பழைய நடைமுறையின் பலியாடு நான்’ என்று பேட்டி கொடுக்கிறார். நிஜப் பலியாடு இங்கே உட்கார்ந்து பல்கலைக்கழகப் பையன்களின் ஆய்வேடுகளில் பிழை திருத்திக்கொண்டிருக்கிறது.

அழுதேன். மிர்த்தா திரைச்சீலைத் துணியிலேயே என் முகத்தைத் துடைத்துவிட்டாள். வாடிக்கையாளருக்குச் சொல்லக்கூடாது.

செப்டம்பர் 12, புதன்

பொறுப்புச் சட்டம் நிறைவேறியது. தலைவரைப் பெரும்பான்மையில் தூக்கும் பிரிவை டெச்சேராவே விட்டுக்கொடுத்துவிட்டாள். மெஷினைப் பெரெய்ரோ கையில் கொடுக்கக்கூடாது என்று அவளுக்கும் தெரிந்திருக்கிறது. நான் நினைத்த அளவு முட்டாள் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை தலைவர் வந்தாக வேண்டும். ஒவ்வொரு கேள்வியோடும் அதை எழுதியவர் பெயர் பதிவாக வேண்டும். வங்கி எழுதித் தந்தால் குற்றம். லுசார்தோ, ‘சுதந்திரத்தின் இருண்ட நாள்’ என்றார். அவருக்கு இப்போது யார் எழுதித் தருகிறார்களோ. மட்டமான வாக்கியம்.

அக்டோபர் 16, செவ்வாய்

புதுச் சட்டத்தின் கீழ் முதல் கூட்டம். போகக்கூடாது என்றுதான் இருந்தேன். ஒன்பது மணிக்குக் கோட்டை மாட்டிக்கொண்டேன். பொதுமக்கள் வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றேன். முப்பத்தொரு வருடம் எனக்குக் காலை வணக்கம் சொன்ன காவலர் அடையாள அட்டை எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டார். மேல்மாடத்தில் கடைசி வரிசை. பக்கத்தில் ஓய்வுபெற்ற பஸ் நடத்துநர் ஒருவர், மடியில் தொப்பி.

லுசார்தோ தடித்த கோப்போடு வந்திருந்தார். இரண்டு பேர் கேட்டார்கள், கோப்பைப் புரட்டிச் சொன்னார். பிறகு பெரெய்ரோ எழுந்தார். கையில் ஒரு கிழிந்த நோட்டுத்தாள், அவர் கையெழுத்து. மேல்மாடத்தில் சிரிப்பு. ‘நுட்பமான கேள்வி!’ என்று ஒருவன் கத்தினான். அவர் காது சிவந்துவிட்டது. தாளைப் பார்த்தார், தன் எழுத்தே புரியவில்லை போலிருக்கிறது, மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார்.

“டாக்டர், எனக்கு இதெல்லாம் அவ்வளவா தெரியாது. எங்க பக்கத்துப் பால்பண்ணைக்காரங்க கேக்கறாங்க. நீங்க வட்டியை மூணு தடவை குறைச்சதா சொல்றீங்க. நானே இங்க படிச்சேன், ஞாபகம் இருக்கு. ஆனா அவங்க வாங்கின கடனுக்கு வட்டி ஒரு காசுகூடக் குறையலையாம். நீங்க குறைச்சது அவங்க கிட்ட வந்து சேரவே இல்ல. எங்க போச்சு?”

முப்பத்தொரு வருடத்தில் அந்தக் கேள்வியை நான் எழுதியதே இல்லை. எனக்குத் தோன்றியதே இல்லை.

லுசார்தோ கோப்பைப் புரட்டினார். முன்னால், பின்னால். பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார். நான் உட்காரும் நாற்காலியில் இப்போது யாரும் இல்லை. தண்ணீர் குடித்தார்.

“தெரியவில்லை, செனட்டர். பார்த்துச் சொல்கிறேன்.”

பஸ் நடத்துநர் தொப்பியை மடியில் அடித்தார். “என்னம்மா இது, தெரியலைங்கறான்! இதுக்கா நம்ம வரிப்பணத்துல சம்பளம்?”

“சும்மா இருங்க. முதல் தடவையா உண்மையச் சொல்லியிருக்கான்” என்றேன். புறங்கையால் கண்ணைத் துடைத்தேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, கைக்குட்டை வேண்டுமா என்று கேட்டார்.

வாங்கிக்கொண்டேன்.